‘மனப்பிரமை’ என்று சொல்லாத பிசியோதெரபி

“முதுகு வலிக்குப் பிசியோதெரபி போகிறேன்” என்று சொன்னால் நம் ஊரில் அடுத்து வரும் கேள்வி, “எத்தனை நாள் கரண்ட் வைக்கச் சொன்னார்கள்?” என்பதுதான். பத்து நாள் கரண்ட், கொஞ்சம் ஒத்தடம், இடுப்பை இழுத்துக் கட்டும் ஒரு கருவி, கிளம்பும்போது நான்கு பயிற்சிப் படங்கள் அச்சிட்ட ஒரு தாள். எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவருக்கும், மூட்டு மாற்று அறுவை முடித்தவருக்கும் பிசியோதெரபி செய்யும் நன்மை கண்கூடு. சிக்கல் இன்னொரு கூட்டத்துக்கு. அவர்களுக்கு வலி வந்து ஆண்டுக்கணக்காகிவிட்டது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. அல்லது அதில் இருப்பதற்கும் படும் பாட்டுக்கும் பொருத்தமே இல்லை. மூன்று மருத்துவர், இரண்டு பிசியோதெரபிஸ்ட், ஒரு வர்மக்காரர் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. நானும் அந்தக் கூட்டத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்து உருவான பிசியோதெரபி ஒன்று இருக்கிறது. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. ‘உளவியல் அறிந்த பிசியோதெரபி’ என்று வைத்துக்கொள்வோம். உடலை அசைக்கக் கற்றுத்தரும் அதே பிசியோதெரபிஸ்ட், வந்தவரின் அச்சம், வலியைப் பற்றி அவர் நம்புவது, தூக்கம், வேலை, வீட்டு நிலைமை எல்லாவற்றையும் கேட்டறிந்து அதற்கேற்பச் சிகிச்சையை அமைக்கிறார். அவர் மனநல மருத்துவர் ஆகிவிடுவதில்லை. பயிற்சியும் நடையும் எடை தூக்குவதும் இதிலும் உண்டு. எதை, எப்போது, எந்த அச்சத்தைத் தாண்டிச் செய்யப்போகிறோம் என்ற கணக்குதான் மாறுகிறது.

இதற்குப் போய்வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை. ஆனால் நீடித்த வலி எப்படிப்பட்டது என்று தெரியாமல் அவர்கள் பேச்சு புரியாது.

குரைக்கப் பழகிய நாய்

வலி மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தாலோ, விட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாலோ அதை நீடித்த வலி என்கிறார்கள். தசையோ தசைநாரோ அடிபட்டால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் ஆறிவிடும் என்பதே அந்தக் கெடுவின் பின்னால் இருக்கும் தோராயக் கணக்கு. காயம் ஆறியும் வலி ஏன் போகவில்லை என்பது அடுத்த கேள்வி.

வலியையும் காயத்தையும் ஒரே பொருளாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஆழமாக ஊறியது. அதை உலுக்க இரண்டு சம்பவங்கள் போதும். 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது முதலாவது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி இம்மி அசைந்தாலும் துடித்தார். மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆணியை உருவினார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஆணி இரண்டு விரல்களின் இடுக்கில் போயிருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவது அதற்கு நேர் எதிர். 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் படுகாயமடைந்த அமெரிக்க வீரர்கள் பலர் வலி மருந்தே வேண்டாம் என்றார்கள். அவர்களைக் கவனித்து எழுதிய மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர், போர்க்களத்தை விட்டு உயிரோடு வெளியேறுகிறோம் என்பதுதான் அந்தக் காயத்துக்கு அவர்கள் கொண்ட பொருள் என்று கருதினார்.

இந்த இருவகை மனிதரும் நடிக்கவில்லை. ஆபத்து எவ்வளவு என்று மூளை போடும் மதிப்பீடே வலியாக வெளிவருகிறது. அந்த மதிப்பீட்டில் காயம் ஒரு பங்கு. கண்ணால் கண்டது, முன்பு பட்டது, பிறர் சொன்னது, இனி என்ன ஆகும் என்ற நினைப்பு எல்லாம் மற்றப் பங்குகள்.

ஒரு முறை திருடனைப் பிடித்துக் கொடுத்த வீட்டு நாயை எண்ணிப் பாருங்கள். அதன்பின் பால்காரர் வந்தாலும் குரைக்கிறது. மறுமாதம் தென்னை மட்டை விழுந்தாலும் குரைக்கிறது. குரைப்பு பொய் இல்லை, காது கிழிகிறது. திருடன்தான் இல்லை. நீடித்த வலியில் நரம்பு மண்டலம் ஏறக்குறைய இந்த நிலைக்கு வருகிறது. சின்னத் தூண்டலுக்கும் பெரிய எச்சரிக்கை கொடுக்கிறது. நாயை அடித்து அடக்க முடியாது. பால்காரர் தினமும் வந்து போவதை அது பார்த்துப் பார்த்துத்தான் அடங்கும்.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் வகுத்த இலக்கணத்தை 2020இல் திருத்தியது. வலி என்பது திசுச் சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அப்படித் தொடர்புடையதைப் போன்ற, உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த விரும்பத்தகாத அனுபவம் என்பது அதன் சாரம். ‘போன்ற’ என்ற அந்த ஒரு சொல், சேதம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வலி வலிதான் என்று ஒப்புக்கொள்கிறது. தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதன் குறிப்புகளில் இருக்கிறது. பன்னாட்டுச் சங்கம் ஒன்று இதை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடைமுறை எப்படி இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் தமிழ் கொஞ்சம் முன்னாலேயே நிற்கிறது என்று எனக்கு ஒரு பெருமை. ‘கால் உளைச்சல்’ என்கிறோம், ‘மன உளைச்சல்’ என்கிறோம். மூட்டில் குடைச்சல், ஆள் குடைச்சல் கொடுக்கிறான். கை கடுக்கிறது, அவன் பேச்சு கடுப்பேற்றுகிறது. கண் எரிச்சலும் எரிச்சல்தான், மேலதிகாரி மேல் வருவதும் எரிச்சல்தான். உடம்புக்கும் மனத்துக்கும் நடுவில் சுவர் எழுப்பாமலே சொற்களை வைத்திருந்தோம். மருத்துவமனைக்குள் போகும்போது மட்டும் சுவர் வந்துவிடுகிறது: ஸ்கேனில் இருந்தால் உடம்பு, இல்லையென்றால் மனப்பிரமை.

ஜவ்வும் தேய்மானமும்

“ஜவ்வு விலகியிருக்கிறது”, “எலும்பு தேய்ந்துவிட்டது”. முதுகு வலியோடு வாழும் தமிழர்களில் இந்த இரண்டில் ஒன்றைக் கேளாதவர் குறைவு. கேட்டவுடன் மனத்தில் ஒரு படம் விழுகிறது. செருப்பு தேய்வதைப் போல, டயர் தேய்வதைப் போல, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும் முதுகு. அந்தப் படம் விழுந்தபின் யார் குனிவார்கள்?

2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வைப் பாருங்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டினார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும், நாம் ஜவ்வு என்று சொல்லும் மெத்தை) தேய்மானம் இருந்தது. 50 வயதில் 80 சதவீதம். 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கமும் அப்படியே: 20 வயதில் 30, 50 வயதில் 60, 80 வயதில் 84. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். தேய்மானம் பெருமளவுக்கு நரை மாதிரி. நரைத்த தலையைப் பார்த்து “முடி விலகியிருக்கிறது, இனி சீப்பு வைக்காதீர்கள்” என்று யாரும் சொல்வதில்லை.

சொல் எவ்வளவு நாள் தங்கும்? நியூசிலாந்தில் பென் டார்லோவும் உடன் ஆய்வாளர்களும் முதுகு வலிக்காரர்களிடம் பேசி 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ போகிறபோக்கில் சொன்ன எச்சரிக்கை ஆண்டுக்கணக்காக மனத்தில் தங்கி, முதுகு என்பது எளிதில் உடையும் பொருள், அதைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை வளர்த்திருந்தது. தைரியம் தரும் சொல்லும் அதேபோலத் தங்கியது.

இதிலிருந்து ஒரு சுழல் தொடங்குகிறது. வலி வருகிறது, ஏதோ உடைந்துவிட்டது என்ற அச்சம் வருகிறது, அச்சத்தால் குனிவதை, தரையில் உட்காருவதை, பேரனைத் தூக்குவதை நிறுத்துகிறோம். நிறுத்த நிறுத்தத் தசை தளர்கிறது, தூக்கம் கெடுகிறது, வெளியே போவது குறைகிறது. கவனம் முழுவதும் வலியின் மேல் குவிய, வலி ஏறுகிறது. யோகன் விளாயன், ஸ்டீவன் லின்டன் இருவரும் 2000இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த அச்ச–தவிர்ப்புச் சுழல் இத்துறையில் எல்லோரும் அறிந்த படமாகிவிட்டது. இடுப்பு பெல்ட் இந்தச் சுழலுக்குள் எங்கே வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரலாறு, சுருக்கமாக

1965இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் ‘கதவுக் கோட்பாடு’ எழுதினார்கள்: மேலே போகும் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே கூட்டவோ குறைக்கவோ முடியும், மூளையும் அதில் கை வைக்கும். சியாட்டிலில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் நீடித்த வலியை நடத்தை வழியாக அணுகினார். 1977இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல், உடல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவம் வேண்டும் என்றார். ஸ்காட்லாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் கோர்டன் வாடல் 1987இல் அதை முதுகு வலிக்குப் பொருத்தினார். கத்தி பிடித்த ஒருவரே படுக்கை ஓய்வையும் அவசர அறுவையையும் கேள்வி கேட்டது அந்நாளில் பெரிய விஷயம். 2011இல் கிறிஸ் மெயினும் ஸ்டீவன் ஜார்ஜும் இதையெல்லாம் பிசியோதெரபி அறைக்குள் கொண்டுவரும் நடைமுறைக்குத் தனிப்பெயர் கொடுத்துப் பரப்பினார்கள். பொதுவான பிசியோதெரபிக்கும் மனநலச் சிகிச்சைக்கும் நடுவில் ஒரு பாதை என்பது அவர்கள் கொடுத்த விளக்கம்.

அறைக்குள் என்ன நடக்கிறது

முதல் வித்தியாசம் நேரம். முதல் சந்திப்பு ஒரு மணி நேரம்கூடப் போகும். அதில் பெரும்பகுதி நோயாளி பேசுவார். எப்போது வந்தது, அப்போது வாழ்க்கையில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது, யார் என்ன சொன்னார்கள், எதை விட்டுவிட்டீர்கள், எதற்கு அஞ்சுகிறீர்கள். என்னைக் கேட்டவர் இளைஞர். “குனிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் சார்?” என்றார். “எல்4–எல்5 ஜவ்வு வெளியே வந்துவிடும்” என்றேன், இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருப்பதைப் பாடம் ஒப்பிப்பவன் போல. அவர் மறுத்துப் பேசவில்லை. “எப்போதிலிருந்து அப்படி நினைக்கிறீர்கள்?” என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஐந்து ஆண்டுக்கு முன் ஸ்கேன் மையத்தில் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த ஊழியர் சொன்ன ஒரு வரியைத்தான் நான் அவ்வளவு நாளும் சுமந்துகொண்டிருந்தேன் என்று அன்று தெரிந்தது.

பிறகு சிறு சோதனை. தரையில் ஒரு பேனாவைப் போட்டு எடுக்கச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை இறுக்கி, முதுகை மரப்பலகையாக்கி, ஒரு கையால் மேசையைப் பற்றிக்கொண்டு இறங்கினேன். இதையே மூச்சை விட்டுக்கொண்டு, வயிற்றைத் தளர்த்தி, முதுகை வளைய விட்டுச் செய்யச் சொன்னார். வலி இருந்தது, ஆனால் முன்னதைவிடக் குறைவாக. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், பேனாவைக் கண்டுபிடித்த குழந்தை மாதிரி. இதை அவர்கள் மொழியில் நடத்தைச் சோதனை என்கிறார்கள்: ‘இப்படிச் செய்தால் இது ஆகும்’ என்று அஞ்சியதைப் பாதுகாப்பாகச் செய்துபார்த்து, ஆகிறதா என்று தானே காண்பது. ஆயிரம் ஆறுதல் வார்த்தை செய்யாததை அந்தப் பேனா செய்தது.

அடுத்தது அளவு. நல்ல நாள் வந்தால் பரண் முதல் கிணற்றடி வரை எல்லா வேலையையும் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது வலிக்காரர்களின் பொது வழக்கம். அதற்குப் பதிலாக அளவை முன்பே வைத்துக்கொள்கிறார்கள். இன்று நடை பத்து நிமிடம் என்றால் வலி இல்லாவிட்டாலும் பத்து, கொஞ்சம் இருந்தாலும் பத்து. அடுத்த வாரம் பன்னிரண்டு. ‘வலி வந்ததும் நிறுத்து’ என்பதை விட்டு ‘கடிகாரம் சொன்னதும் நிறுத்து’ என்பதற்கு மாறுவது. ஃபோர்டைஸ் காலத்திலிருந்தே இந்த உத்தி இருக்கிறது.

இலக்கும் மாறுகிறது. “வலியைப் பத்துக்கு இரண்டாகக் குறைப்பது” என்று எழுதமாட்டார்கள். “தங்கை மகள் கல்யாணத்தில் பந்தி முடியும் வரை இருப்பது” என்று எழுதுவார்கள். ஏற்பும் உறுதிப்பாடும் சார்ந்த சிகிச்சை முறையைப் பின்பற்றும் இடங்களில் இதற்கு இன்னும் அழுத்தம் தருகிறார்கள்: வலியோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்சம் தளர்த்தி, உங்களுக்கு எது முக்கியமோ அதன் பக்கம் அடி எடுத்து வையுங்கள் என்கிறார்கள். ஏற்பு என்ற சொல்தான் தொல்லை. நோயாளியின் காதில் அது “பழகிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை” என்று விழுகிறது. நன்றாகப் பயின்றவர்கள் இந்தச் சொல்லை முதல் நாளில் எடுப்பதே இல்லை.

போய்வந்தவர்கள் சொல்வது

முதலில் சந்தேகம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்சின் டாய் தலைமையிலான குழு, நீடித்த வலியோடு வாழ்பவர்களின் அனுபவங்களைப் பதிவுசெய்த எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டது. அதில் ஓடும் இழை போராட்டம். ‘நான் நடிக்கவில்லை’ என்று நிரூபிக்கும் போராட்டம், காரணம் தேடும் போராட்டம், மருத்துவ அமைப்போடு மல்லுக்கட்டும் போராட்டம், பழைய ‘நான்’ எங்கே போனேன் என்ற தேடல். வெளியே சிரித்துக்கொண்டிருந்தால் வலி இல்லை என்பார்கள். முகம் சுளித்தால் மிகைப்படுத்துகிறாள் என்பார்கள்.

இப்படி அடிபட்டு வந்த ஒருவரிடம் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே தூக்கத்தையும் மனநிலையையும் விசாரித்தால் என்ன கேட்கும்? “ஓ, இவரும் மனப்பிரமை என்றுதான் சொல்லப்போகிறார்.” மசாஜ் செய்வார், கரண்ட் வைப்பார் என்று வந்தவருக்கு “உங்கள் வேலை பிடித்திருக்கிறதா?” என்ற கேள்வி எரிச்சலைத் தருகிறது. சிலர் அத்தோடு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். நல்ல அனுபவம் பெற்றவர்களிடம் திரும்பத் திரும்ப வருவதும் இதையொட்டியதே: தன்னை முதலில் முழுதாகக் கேட்டார்கள், நம்பினார்கள், உடம்பைத் தொட்டுச் சோதித்தார்கள், மனத்தைப் பற்றிய பேச்சு அதன்பின் வந்தது. இந்த வரிசை மாறினால் எல்லாமே மாறிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. சோதிக்காமலே “ஸ்கேன் முக்கியமில்லை” என்று சொல்வது ஆறுதல் இல்லை, அவமதிப்பு.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஒரு சிறிய ஆய்வு உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஓசல்லிவன் வளர்த்தெடுத்த ‘அறிதல்–செயல்பாட்டுச் சிகிச்சை’ இவ்வகையில் புகழ்பெற்றது. அதைப் பெற்ற 14 பேரிடம் சமந்தா பன்ஸ்லியும் குழுவினரும் விரிவாகப் பேசி 2016இல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம், குணமானவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காதது. பெரிதும் தேறியவர், கொஞ்சம் தேறியவர், தேறவே இல்லாதவர் என்று மூன்று வகையினரையும் கேட்டார்கள். தேறியவர்களைப் பிரித்துக் காட்டியவை இரண்டு. ஒன்று, வலி பற்றிய நம்பிக்கை மாறியது: உடைந்த முதுகு என்ற கதை போய், அச்சமும் இறுக்கமும் தூக்கமின்மையும் சேர்ந்து ஏற்றிவிடும் வலி என்ற கதை வந்தது. அந்த மாற்றம் சொற்பொழிவால் வரவில்லை. பிசியோதெரபிஸ்டோடு ஏற்பட்ட நம்பிக்கை, தன் உடம்பு எப்படி இறுகுகிறது என்று கவனிக்கத் தொடங்கியது, தன் முயற்சியால் வலி கூடுவதையும் குறைவதையும் நேரில் கண்டது ஆகியவை சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. இரண்டாவது, சொந்தக் காலில் நிற்பது: வலி ஏறும்போது யாரிடமும் ஓடாமல் தானே கையாள முடியும் என்ற நிலை.

பெரிதும் தேறியவர்கள் ‘இயல்பு வாழ்க்கை திரும்பியது’ என்ற பொருளில் பேசினார்கள். தேறாதவர்களோ உடம்பில் எங்கோ பழுது இருக்கிறது, அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற எண்ணத்தை விட்டு நகரவில்லை. இதைப் படித்துவிட்டு “அப்படியானால் நம்பாதது அவர்கள் குற்றம்” என்று முடிவுகட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேனாவை எடுக்கும்போது எனக்கு வலி குறைந்தது. குறையாமல் ஏறியிருந்தால் அந்த இளைஞர் சொன்ன ஒரு வார்த்தையையும் நான் நம்பியிருக்கமாட்டேன். கண்ட பின்தான் நம்பிக்கை. காணக் கிடைப்பது எல்லோருக்கும் அமைவதில்லை.

சொந்தக் காலில் நிற்பதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. “இனி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்” என்பது ஒருவருக்கு விடுதலை, இன்னொருவருக்குக் கைகழுவல். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் கவனித்துக்கொள்ளும் பெண்ணிடம் தினம் இருபது நிமிடம் நடக்கச் சொன்னால், அந்த இருபது நிமிடத்தை யார் கொடுப்பது என்ற கேள்வி பிசியோதெரபி அறைக்கு வெளியே நிற்கிறது. உடல், உளம், சமூகம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நடைமுறையில் மூன்றாவதுதான் முதலில் கழன்று விழுகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன

அனுபவம் மட்டும் போதாது என்பவர்களுக்காக. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தினர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை வைத்து, முதுகு வலிக்காரர்களில் யாருக்கு வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று பிரித்தார்கள். அபாயம் குறைந்தவர்களுக்கு அறிவுரையும் ஊக்கமும், மிகுந்தவர்களுக்கு உளவியல் அறிந்த பிசியோதெரபி. 851 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2011இல் வந்தது. வழக்கமான முறையைவிடப் பலனும் கூடியது, செலவும் குறைந்தது.

இங்கிலாந்தில் 248 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு, ஏற்பும் உறுதிப்பாடும் சார்ந்த முறையைப் பிசியோதெரபியோடு சேர்த்தது. இரண்டு நேரடிச் சந்திப்பு, ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். மூன்றாம் மாதத்தில் முடக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. பன்னிரண்டாம் மாதத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. ஆண்டுக்கணக்காக ஊறிய அச்சத்துக்கு மூன்று சந்திப்பு போதும் என்று எதிர்பார்த்ததே அதிகம் என்று எனக்குப் படுகிறது.

2023இல் ஆஸ்திரேலியாவின் 20 பிசியோதெரபி நிலையங்களில் 492 பேரிடம் அறிதல்–செயல்பாட்டுச் சிகிச்சையைச் சோதித்த முடிவு வெளியானது. பன்னிரண்டு வாரங்களில் ஏழு சந்திப்பு வரை, பிறகு ஆறாம் மாதத்தில் ஒன்று. அன்றாட வேலைகளில் ஏற்பட்ட முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. ஒரு குழுவுக்கு உடம்பில் பொருத்தும் அசைவு உணர்கருவியும் கொடுத்துப் பார்த்தார்கள். கருவி கூடுதலாக எதையும் தரவில்லை.

அங்கே பிசியோதெரபிஸ்டுகள் பல மாதம் பயின்று, பிறர் பார்க்கச் செய்துகாட்டித் தேறிய பிறகே சிகிச்சை தந்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாதவர்களின் நிலையும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது: நோயாளி அழுதால் என்ன செய்வது என்று தெரியவில்லை, இது என் வேலையா என்று தெரியவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரே காலை வேளையில் வரிசையாகப் பலருக்குக் கரண்ட் வைக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவரிடம் காது கொடுக்கவில்லை என்று குறைசொல்வதும் நியாயமில்லை.

முதலில் விலக்க வேண்டியவை

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தவறு. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் திடீரென்று வலுவிழப்பது ஆகியவை நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேச்சு, பயிற்சி எல்லாம் பிறகு. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, பெரிய விபத்து ஆகியவை இருந்தாலும் மருத்துவர் பார்க்காமல் பிசியோதெரபியைத் தொடங்கக் கூடாது. பயின்ற பிசியோதெரபிஸ்ட் இவற்றைத்தான் முதலில் கேட்பார். கேட்காவிட்டால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

உங்கள் ஊரில் இந்தப் பெயரில் பலகை மாட்டியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெயரைவிட ஆள் முக்கியம். முதல் சந்திப்பில் எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள், வலி ஏறும் நாளில் நான் என்ன செய்ய வேண்டும், எத்தனை வாரத்தில் நீங்கள் இல்லாமல் நானே செய்ய முடியும் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் போகலாம். நீங்கள் சாப்பிட்டுவரும் வலி மாத்திரைகளை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சில மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அது மருத்துவர் வேலை.

எனக்கு வலி முழுதாகப் போய்விடவில்லை. போன மாதம் எட்டு மணி நேர பஸ் பயணம் முடித்து இறங்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த இளைஞரும் நானும் சேர்ந்து எழுதிய ஒரு தாள் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. முதல் வரி: இது முன்பும் வந்தது, போனது. இரண்டாவது: நடையைப் பாதியாக்கு, நிறுத்தாதே. மூன்றாவது: சுடு ஒத்தடம் பிடித்தால் வைத்துக்கொள், குற்றவுணர்ச்சி வேண்டாம். நான்காவது: கால் மரத்துப்போகாத வரை ஸ்கேன் மையத்துக்குப் போகாதே. முதல் நாள் பத்து நிமிடம் நடந்தேன். இரண்டாம் நாளும் பத்து. நான்காம் நாள் மாடிக்குத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் காயப்போட்டுவிட்டு வந்தேன்.